ஊசிச் சீர்

"எல்லாம் பிடிச்சிருக்குண்ணே. அந்த ரெண்டு கோடுதான் யோசனையா இருக்கு" என்றாள் ராஜமணி.

அவள் கையில் வாழைக்காய் பஜ்ஜி இருந்தது. பாதியைத் தின்றிருந்தாள். மிச்சப் பாதியால்தான் யுவராணியின் நெற்றியைச் சுட்டிக்காட்டினாள். கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் பஜ்ஜி காட்டிய திசைக்குத் திரும்பின. யுவராணியின் புருவங்களுக்கு நடுவே, பொட்டுக்கு மேலே, இரண்டு கோடுகள் நெட்டுக்குத்தாக நின்றன. ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருந்தன. எல்லாரும் பார்க்கிறார்கள் என்றதும் இன்னும் கொஞ்சம் ஆழமாயின.

"பார்த்தீகளா, சொன்னதும் எப்படி இறங்குதுன்னு. எங்க மாமியா சொல்லுவாக, நெத்தியில நெட்டுக்கோடு விழுந்த பொம்பளை புருசனை நிமிரவிட மாட்டான்னு. அவன் ஆயுசுக்கும் ஆகாதாம்."

ஆயுசு சம்பந்தப்பட்ட மாப்பிள்ளை சுரேஷ்கண்ணன், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஜெயமங்கலத்தில் சொந்த வீடு, பெரியகுளத்தில் பெயின்ட் கடை. அவருடைய நெற்றி ஏறி ஏறி உச்சந்தலைவரைக்கும் போயிருந்தது. அதைப் பற்றி அந்தக் கூடத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"இதெல்லாம் இப்ப ஒரு விசயமா?" என்று இடையில் புகுந்தார் தரகர் கோட்டைச்சாமி. "தேனியிலயே ஊசி போடுறாக. போடாக்ஸ். ஊசி போட்டா நெத்தி வாழை இலையாட்டம் ஆயிரும்."

"எங்க மூத்த மருமகளும் சென்னையில போட்டிருக்கா. அதனாலதான் நானும் கேக்கேன். கோடு போகட்டும், அடுத்த மாசமே உறுதி பண்ணிக்கிருவோம்" என்ற ராஜமணி, யுவராணியின் அப்பாவைப் பார்த்தாள். "என்னண்ணே சொல்றீக?"

சுருளிவேல் மகளைப் பார்த்தார். கோடுகள் இரண்டும் உளி வைத்து வெட்டியதுபோல இறங்கியிருந்தன. அதற்கு என்ன அர்த்தம் என்று இந்தச் சுருளிப்பட்டியில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. பிறகு மனைவி பாண்டீஸ்வரியைப் பார்த்தார். அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். மகளுக்கு முப்பத்தொன்று. எத்தனை வீட்டுக்குப் பஜ்ஜி சுட்டோம் என்று எண்ணுவதை அவள் எப்போதோ விட்டிருந்தாள்.

"எடுத்துரலாம் தாயி" என்றார், வரப்பில் முளைத்த கோரையைச் சொல்வதுபோல.

சுருளிவேலுக்கு ஒரு குறை உண்டு. அவர் வாயில் 'இல்லை' என்ற சொல் வராது. பந்தியில் நாலாவது தடவை சாம்பார் வாளி வந்தாலும் இலையை மூடமாட்டார். ஒருமுறை இன்சூரன்ஸ்காரர் ஒருவர் வந்து பேசினார். அவர் எழுந்து போகும்போது, வீட்டில் இல்லாத டிராக்டருக்கும் சேர்த்து இவர் தலையாட்டியிருந்தார். "நான் என்ன செய்யட்டும், என் கழுத்து ஒரு பக்கம்தான் ஆடுது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கூட இருப்பவர்களும் சிரிப்பார்கள். பாண்டீஸ்வரி சிரிப்பதில்லை.

இப்படிப்பட்ட மனுசர் ஏக்கர் கணக்கில் பன்னீர் திராட்சை போட்டால் என்ன ஆகும்? காய் வெட்டுக்கு வரும் வியாபாரி வைகுண்டராஜ் முதலில் என்ன சொல்கிறாரோ அதுதான் விலை. பல வருசம் அப்படித்தான் போனது. பிறகு சுருளிவேல் பந்தலிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். கம்பத்தில் கணக்கு எழுதப் போய்க்கொண்டிருந்த யுவராணி வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு வந்தாள். கொடிக் கவாத்து, மருந்தடிப்பு, குலை பார்ப்பது எல்லாம் அவள்தான். திராட்சைத் தோட்டத்து வேலை அண்ணாந்து பார்க்கிற வேலை. இலைக்கு நடுவே வெயில் கண்ணைக் குத்தும். புருவத்தை நெரித்துக்கொண்டுதான் குலையைப் பார்க்க முடியும். ஏழெட்டு வருசத்தில் அந்த இரண்டு கோடுகளும் அங்கே குடியேறிவிட்டன.

வந்தவை சும்மா இருக்கவில்லை. வைகுண்டராஜ் விலை சொன்னதும் சுருளிவேல் திரும்பி மகளைப் பார்ப்பார். கோடு இறங்கியிருந்தால், "பிள்ளை ஒத்துக்கிற மாட்டேங்குதுண்ணே" என்பார். வாய் அவருடையது, 'இல்லை' மட்டும் மகளுடையது. போகப் போக வைகுண்டராஜும் சுருளிவேலைப் பார்ப்பதை விட்டுவிட்டு நேராக யுவராணியின் நெற்றியிடமே பேரம் பேசத் தொடங்கினார். கோடு கரையும் வரைக்கும் ரூபாய் ரூபாயாக ஏற்றுவார். அந்த வீட்டின் ஓட்டுக்கூரை மாடியானது அப்படித்தான்.

அந்தக் கோடுகளைத்தான் எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

சாயந்திரம் அடுப்படியில் போய் நின்றார். "ஆத்தா, உனக்கு வேண்டாம்னா..."

"வேண்டாம்னா நீ போய்ச் சொல்லிருவியாக்கும்?" என்றாள் யுவராணி, பஜ்ஜிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டே.

அவர் விரலில் இல்லாத அழுக்கைப் பார்த்தார்.

"விடுப்பா. ரெண்டு கோடுதான? அம்மா தூங்கி எத்தனை நாளாச்சுன்னு எனக்குத் தெரியும். போட்டுக்கிறேன்."

தேனியில் அந்தத் தோல் டாக்டரின் பெயர் பெனிஷா. யுவராணிக்கு மூத்தவளாக இருந்தால் ஒன்றிரண்டு வயசு இருக்கும். முதலில் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாள். கர்ப்பமாக இருக்கிறாளா, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாளா, நரம்பு தசை சம்பந்தமான சீக்கு ஏதும் உண்டா, வேறு மாத்திரை சாப்பிடுகிறாளா. கர்ப்பக் கேள்விக்குப் பாண்டீஸ்வரி நாற்காலியில் நெளிந்தாள்.

"இது என்ன மருந்து தாயி? விசம்னு போன்ல போட்டிருக்கான்" என்றார் சுருளிவேல்.

"விஷம்தான்ப்பா. ஒரு கிருமியில இருந்து எடுக்கிறது. அதைச் சுத்தப்படுத்தி, ரொம்ப ரொம்பக் கம்மியான அளவுல போடுறோம்."

"அப்ப நாங்க குலைக்கு மருந்து அடிக்கிற மாதிரிதான். அளவு தப்புனா சாவு, அளவா அடிச்சா காய்."

டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியும் வச்சுக்கலாம்" என்றாள். "நாம முறைக்கணும்னு நினைச்சா மூளையில இருந்து நரம்பு வழியா புருவத்துத் தசைக்கு உத்தரவு வரும். தசை சுருங்கும், கோடு விழும். இந்த மருந்து நரம்பும் தசையும் சேர்ற இடத்துல உக்காந்து அந்த உத்தரவை மறிச்சுரும்."

"ஃபியூஸைப் பிடுங்கிட்ட மாதிரி."

"ஆமா."

"கரண்டு இருக்கும். மோட்டார் ஓடாது."

"ஆமாப்பா. ஆனா மோட்டார் கெட்டுப் போகாது. மூணு நாலு மாசத்துல மறுபடி வேலை செய்யும். கோடும் திரும்ப வரும். வேணும்னா திரும்பப் போட்டுக்கணும். இது ஒரு தடவையோட முடியிற சோலி இல்ல, அதை இப்பவே சொல்லிர்றேன்."

"சிரிக்க முடியுமா?" இது பாண்டீஸ்வரி.

"நல்லா சிரிக்கலாம். அழலாம். புருவத்தைத் தூக்கலாம். நெரிக்கத்தான் முடியாது."

"கோவம் வருமா?" என்று கேட்டார் சுருளிவேல்.

"கோபம் வரும். நெத்திக்குத் தெரியாது."

அதுவரை பேசாமல் இருந்த யுவராணியிடம் டாக்டர் திரும்பினாள். "இவங்க எல்லாம் கேட்டுட்டாங்க. உங்களுக்கு வேணுமா?"

யுவராணி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். முகத்தை நெடுக்காகக் கிழித்து உள்ளே இருக்கும் தசைகளைச் சிவப்பாகக் காட்டியிருந்தார்கள். "போடுங்க டாக்டர்" என்றாள்.

நன்றாக முறைக்கச் சொல்லி, தசை எங்கே திரளுகிறது என்று தொட்டுப் பார்த்துப் பேனாவால் புள்ளி வைத்தாள். மயிரிழை போன்ற ஊசி. கட்டெறும்பு கடித்த மாதிரி இருந்தது என்று யுவராணி பிறகு சொன்னாள். குத்திய இடங்கள் கொசுக்கடிபோல வீங்கி, ரசீது வாங்குவதற்குள் அமுங்கிவிட்டன. பலன் மூன்று நாலு நாளில் தெரியும், முழுசாகத் தெரிய இரண்டு வாரம் ஆகும், இன்றைக்குத் தலைவலி இருக்கலாம் என்றாள் டாக்டர். அபூர்வமாக இமை கொஞ்சம் இறங்கும், அப்படி இறங்கினால் பயப்படாமல் உடனே வரவேண்டும். நாலு மணி நேரத்துக்குப் படுக்கக் கூடாது, போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது.

கடைசி விசயம்தான் சிக்கலானது. வீட்டில் காலை எடுத்து வைத்ததும் பாண்டீஸ்வரியின் அக்கா, நல்ல காரியத்துக்குப் போய்விட்டு வந்த பிள்ளை என்று திருநீற்றுத் தட்டோடு கட்டைவிரலை நீட்டிக்கொண்டு வந்தாள். சுருளிவேல் குறுக்கே பாய்ந்தார். "நாலு மணி நேரத்துக்குச் சாமியும் நெத்தியில கை வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கு மதினி." மதினி அந்தத் திருநீற்றை அவர் நெற்றியில் பூசிவிட்டுப் போனாள்.

இரண்டு வாரத்தில் நெற்றி வாழை இலைதான் ஆயிற்று. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் கோடு இருந்த தடம் லேசாகத் தெரிந்தது. பாண்டீஸ்வரி மகளின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சின்ன வயசுப் போட்டோவோடு ஒப்பிட்டாள். அன்றைக்குத் தூங்கினாள்.

அந்த வாரம் காய் வெட்டுக்கு வைகுண்டராஜ் வந்தார். பந்தலுக்கடியில் நின்று விலையைச் சொன்னார். அடிமாட்டு விலை. பேரம் தொடங்கும்போது எப்போதும் சொல்வதுதான். சொல்லிவிட்டு வழக்கம்போல யுவராணியின் நெற்றியைப் பார்த்தார். சுருளிவேலும் பார்த்தார். கோயில் தெப்பக்குளம் மாதிரி, காற்றில்லாத நேரத்துத் தெப்பக்குளம் மாதிரி இருந்தது.

வைகுண்டராஜ் அதை நம்பாமல் இன்னும் ஐம்பது காசைக் குறைத்துப் பார்த்தார். நெற்றி அசையவில்லை.

"பிள்ளைக்குச் சம்மதம் போலண்ணே" என்றார் சுருளிவேல். வைகுண்டராஜ் மறுபேச்சுக்கு இடம் தராமல் கைகொடுத்துவிட்டு, வண்டியை நோக்கிக் கிட்டத்தட்ட ஓடினார்.

"ஏப்பா! நான் அம்புட்டு முறை முறைச்சேன், நீ பாட்டுக்கு முடிச்சுட்ட?"

"நீ முறைச்சியாத்தா?"

"உயிரே போற மாதிரி முறைச்சேன்!"

சுருளிவேல் மகளின் முகத்தை உற்றுப் பார்த்தார். இப்போதும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறாள் என்று அவருக்குப் பட்டது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. "டாக்டர் நல்லாத்தான் போட்டிருக்கு" என்றார். சொல்லிவிட்டு, சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றார். பந்தலில் குலைகள் நிறைந்து தொங்கின. அவ்வளவும் போயிற்று.

உறுதி பேச வந்த அன்றைக்கு ராஜமணி வாசலிலேயே யுவராணியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள். பெருவிரலால் நெற்றியை நீவினாள், துணிக்கடையில் பட்டின் வழவழப்பைச் சோதிப்பது போல. "இப்பத்தான்ண்ணே மகாலட்சுமி. முகத்துல எம்புட்டு சாந்தம்!"

தாம்பூலத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ராஜமணி ஒவ்வொன்றாகப் பேசினாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் பிள்ளை தோட்டத்துப் பக்கமே போகக் கூடாதுண்ணே. வெயில்ல மறுபடி சுருங்கிரும்."

சுருளிவேல் மகளின் நெற்றியைப் பார்த்தார். தெப்பக்குளம். "சரி தாயி" என்றார்.

"பாருங்க, ஒரு சுளிப்பு இல்ல" என்று ராஜமணி கூடவந்தவர்களிடம் சொன்னாள். "முன்னாடி பைக்குன்னு பேசுனோம். மூத்தவனுக்குக் கார் வந்துச்சு. சின்னவன் மட்டும் பைக்குல போனா ஊரு என்ன பேசும்?"

தெப்பக்குளம். "சரி தாயி."

"பிள்ளைதான் போகப் போறதில்லையே, பிறகு அந்தத் தோட்டத்தை நீங்க ஒத்தையில என்ன செய்யப் போறீக? குத்தகைக்கு விட்டுருங்க. வர்றதைக் கண்ணன் கடையில போட்டா அதும் உங்க பிள்ளைக்குத்தான?"

அடுப்படி வாசலில் பாண்டீஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சுருளிவேலின் கழுத்து, ஆடத் தெரிந்த ஒரே பக்கத்துக்கு ஆடியது.

ராஜமணிக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒன்றைக் கேட்டதும் அந்த நெற்றியைப் பார்ப்பாள், அது வழுவழுவென்று இருக்கும், உடனே அடுத்தது. வைகுண்டராஜ் ஐம்பது காசு குறைத்துப் பார்த்த அதே மாதிரி.

"கடைசியா ஒண்ணுண்ணே. இந்த ஊசி நாலு மாசந்தான் நிக்குமாமில்ல. ஆடிச் சீர், தீபாவளிச் சீர், பொங்கச் சீர்னு நீங்க எப்படியும் செய்யத்தான் போறீக. அதோட இந்த ஊசிச் சீரையும் சேத்துக்கங்க. பிறந்த வீட்டுச் செலவுல நாலு மாசத்துக்கு ஒருக்க நெத்தியைச் சரிபண்ணி அனுப்பிரணும். பின்னால கோட்டோட வந்து நின்னா நாங்க பொறுப்பில்ல."

"நியாயந்தான்" என்றார் கூடவந்தவர்களில் ஒருவர். சுரேஷ்கண்ணன் போனிலிருந்து தலையைத் தூக்கி, "வாழ்நாள் முழுக்கம்மா, அதைத் தெளிவாச் சொல்லிருங்க" என்றார். அவர் அந்த வீட்டில் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

சுருளிவேல் மகளைப் பார்த்தார். ஒன்றுமில்லை. அவ்வளவு சுத்தமாக ஒன்றுமில்லை.

ஆனால் அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தலுக்கடியில் நின்று பார்ப்பாளே, கண் அதே கண். கரண்டு இருக்கும், மோட்டார் ஓடாது என்று அவர் வாயாலேயே சொன்னது இப்போது ஞாபகம் வந்தது. உள்ளே எத்தனை உத்தரவு போய்க்கொண்டிருக்கும்! போய்ப் போய் அந்த இடத்தில் முட்டித் திரும்பிக்கொண்டிருக்கும். இவர் மட்டும் விளக்கு எரியவில்லை, அதனால் வீட்டில் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். புருவங்களுக்கு நடுவே என்னவோ இழுத்துப் பிடித்தது. மகளுக்கல்ல, அவருக்கு.

தொண்டையைக் கனைத்தார். சரியாக வரவில்லை.

"என்னண்ணே, தண்ணி வேணுமா?"

"இல்ல."

"பின்ன?"

"இல்லன்னு சொன்னேன் தாயி. ஊசிச் சீர் இல்ல."

கோட்டைச்சாமி அவர் தொடையைக் கிள்ளினார். பலனில்லை. ஐம்பத்தெட்டு வருசத்து இருப்பு மொத்தமும் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது. "கார் இல்ல. குத்தகை இல்ல. தோட்டத்துக்குப் போகாம இருக்கிறது இல்ல. இந்தப் பேச்சே இல்ல."

ராஜமணிக்குச் சிரிப்புத்தான் வந்தது. "என்னண்ணே நீங்க, பிள்ளையே சம்மதிச்சு உக்காந்திருக்கு. அது முகத்தப் பாருங்க!"

எல்லாரும் பார்த்தார்கள்.

"எனக்குச் சம்மதம் இல்ல அத்தை" என்றாள் யுவராணி. செய்தி வாசிப்பவரின் முகம். "நீங்க பேசுன பேச்சுக்கு இந்நேரம் எனக்கு நாலு கோடு விழுந்திருக்கணும். ஊசி நல்லா வேலை செய்யுது."

அதற்குமேல் யாரும் காபி கேட்கவில்லை. ராஜமணி எழுந்தாள். வாசற்படியில் நின்று திரும்பி, சுருளிவேலின் முகத்தை ஒரு கணம் கூர்ந்து பார்த்தாள். "அதான பார்த்தேன். கோடு இங்கன இருந்துதான் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சுருளிவேல் உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் நின்றார். உண்மைதான். புருவத்துக்கு நடுவே இரண்டு கோடுகள், புதுசாக, கொஞ்சம் கோணலாக நின்றன. கைபழகவில்லை.

பின்னாலேயே வந்த கோட்டைச்சாமி ஆறுதலாக அவர் தோளைத் தொட்டார். "கவலப்படாதீகண்ணே. ஆம்பளைக்கு இந்தக் கோடு இருந்தா கம்பீரம்னுதான் சொல்லுவாக."

பாண்டீஸ்வரி தாம்பூலத் தட்டிலிருந்த தேங்காயை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சுருளிவேல் எட்டிப் பார்க்கப் பயந்து நின்றார். பிறகு படாரென்று தேங்காய் உடையும் சத்தம் கேட்டது. "ராத்திரிக்கு இட்லியா தோசையா?" என்றாள் உள்ளிருந்து.

"எப்படிப்பா கண்டுபிடிச்ச? என் நெத்திதான் ஓடலையே" என்று கேட்டாள் யுவராணி.

"தெரியலத்தா. இம்புட்டு வருசம் பார்த்த பழக்கம். நீ நினைச்சது எனக்குச் சுருங்கிருச்சு."

யுவராணி சிரித்தாள். டாக்டர் சொன்னது சரிதான், சிரிப்புக்கு ஒரு குறையும் இல்லை.

ஜெயமங்கலத்துக் கல்யாணம் அடுத்த முகூர்த்தத்திலேயே நடந்தது. பெண் மயிலாடும்பாறைப் பக்கம். "பத்தொன்பது முடியப் போகுது. இன்னும் கோடு விழுகிற வயசே வரல, அதான் உடனே பிடிச்சுப்போச்சு" என்று கோட்டைச்சாமி வந்து சொன்னார். யுவராணி கேட்டுவிட்டுக் கவாத்துக் கத்தரியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

அடுத்த காய் வெட்டுக்கு வைகுண்டராஜ் சந்தோசமாகத்தான் வந்து இறங்கினார். பந்தலுக்கடியில் நின்று, போன தடவை விலையையே சொல்லிவிட்டு யுவராணியைப் பார்த்தார். ஊசி போட்டு நாலு மாசம் ஆகப்போகிறது. கோடுகள் இரண்டும் அரைவாசி முளைத்திருந்தன. ஆனாலும் அவள் அவர் பக்கம் திரும்பாமல் குலை பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்று திருப்தியோடு சுருளிவேல் பக்கம் திரும்பியவர், அப்படியே நின்றுவிட்டார்.

"என்னண்ணே, உங்க நெத்திக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலண்ணே" என்றார் சுருளிவேல். "நீங்க விலையைச் சொல்லுங்க."